பீடோங்கிலிருந்து சட்டமன்றத்துக்கு: தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே உள்ள பீடோங் வட்டாரத்தில் குடியிருப்போர் விவகாரம், நில அலுவலகம், அடையாள அட்டை என்று பல ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கும் எங்களிடம், அண்மைக் காலமாக இளையோர் வேறு வகைக் கேள்விகளைக் கேட்கிறார்கள். "அடுத்த தேர்தலில் யார் நிற்கிறார்கள்?" என்று கேட்டது போய், "நான் நிற்க என்ன செய்யணும்?" என்கிறார்கள். மனம் நிறைகிறது. அவர்கள் கேட்டவற்றையும் நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறோம். லூனாஸ், சுங்கை சிப்புட், செமினி, ரந்தாவ் என்று எந்தத் தோட்டப்புறத்து ஊரில் இருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாடாளுமன்றத்துக்கு நிற்பதுதானே பெருமை? ஏன் சட்டமன்றம்?

நம் ஊரின் துன்பங்கள் எந்த மேசையில் முடிவாகின்றன என்று முதலில் பாருங்கள். கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணை எந்த அதிகாரம் யாருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. குடியுரிமை, போலீஸ், கல்வி, தொழிலாளர் சட்டம் எல்லாம் கூட்டரசிடம். நிலம், காடு, ஊராட்சி மாநிலத்திடம்.

இப்போது தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டைக் காலி செய்யச் சொல்லி கடிதம் வருகிறது. நூறு வருடக் கோயில் யாரோ ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் நிலத்தில் நிற்பதாகத் திடீரென்று தெரியவருகிறது. தமிழ்ப்பள்ளியின் நிலம் இன்னும் தோட்ட நிர்வாகத்தின் பெயரிலேயே இருக்கிறது. சுடுகாட்டுக்குப் போகும் பாதையை வேலி போட்டு அடைக்கிறார்கள். அத்தனையும் நில விவகாரம். பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் புத்ராஜெயாவிலிருந்து, அதாவது கூட்டரசிடமிருந்து, வரும். பள்ளி நிற்கும் நிலத்துக்குப் பட்டா மாநிலத்திலிருந்துதான் வரவேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாறுவதற்கே தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்படும் நாளில் நாம் தோட்ட ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். அதற்கு வெகு முன்னரே அந்தக் கோப்பு மாநில அலுவலகங்களைச் சுற்றி வந்திருக்கும். அது போகும் வழியில் நம் ஆள் ஒருவர் இருந்து, "அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு எங்கே?" என்று கேட்கவேண்டும்.

தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 446ஆம் சட்டம் என்பார்கள். முதலாளி தரும் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. வேலை முடிந்து வெளியேறுகிறவருக்குக் கூரை எங்கே என்பதற்கு அதில் வழி இல்லை. மூன்று தலைமுறை பால்மரம் சீவிய குடும்பம் ஓய்வுபெறும் வயதில் வாடகை வீடு தேடுவது அதனால்தான். 2024 மே 11 அன்று சிலாங்கூரில் நடந்த கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலில், அந்த வட்டாரத்து ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களுக்கு வீடு என்ற பழைய கோரிக்கை பிரச்சாரத்தின் நடுவே வந்து நின்றது நினைவிருக்கலாம். ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதி, அதிலும் இடைத்தேர்தல். ஆனால் பல ஆண்டுகள் யாரும் கேட்காத குரலை அமைச்சர்கள் கேட்கவேண்டி வந்தது.

ஒரு தொகுதிதானே என்று எண்ணவேண்டாம். 1999இல் கெடா சட்டமன்றத்தின் 36 இடங்களில் அன்றைய ஆளுங்கூட்டணியான பாரிசானுக்கு 24, சரியாக மூன்றில் இரண்டு பங்கு. 2000 நவம்பர் 29 அன்று லூனாஸ் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியான கெஅடிலான் வென்றதும் அந்தப் பெரும்பான்மை போயிற்று. தோட்டங்கள் சூழ்ந்த ஒரு தொகுதியின் மக்கள் அதைச் செய்தார்கள்.

சட்டப்படி யார் நிற்கலாம்?

மலேசியக் குடிமகனாக, அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்கவேண்டும். 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதையும் வேட்பாளர் வயதையும் 21இலிருந்து 18க்கு இறக்கியது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது வாக்குரிமையும் தானியங்கி வாக்காளர் பதிவும் நடப்புக்கு வந்தன. மாநிலங்கள் தங்கள் அரசமைப்பையும் அதற்கேற்பத் திருத்தவேண்டியிருந்தது. ஆகவே 21 வயது நிரம்பாதவர் தம் மாநிலத்து நிலையை எஸ்பிஆர் எனும் தேர்தல் ஆணையத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிற்கும் தொகுதியிலேயே உங்களுக்கு ஓட்டு இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தோட்டத்து ஊரில், "இந்தப் புள்ள யாரு வீட்டுப் புள்ள?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் வாசலில் போய் நிற்க முடியாது.

திவாலானவர், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், அரசாங்கச் சம்பளப் பதவியில் இருப்பவர் நிற்க முடியாது. அரசு வேலையில் இருப்பவர்கள் முடிவெடுக்கும் முன்பே துறைத் தலைவரிடம் விதிமுறைகளைக் கேட்டுவிடுங்கள். ராஜினாமா என்பது ஒரு வாரத்தில் முடியும் காரியமில்லை.

அண்ணே, சின்ன வயசுல எனக்கு ஒரு போலீஸ் கேஸ் இருந்துச்சு. அதோட முடிஞ்சுதா?

முடியவில்லை, தம்பி. பல இளைஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட்டே ஒதுங்கிவிடுகிறார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஓராண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்று, அதற்கு மன்னிப்பும் பெறாதவர்தான் தகுதியிழக்கிறார். அந்தத் தடையும் சிறையிலிருந்து விடுதலையான நாளிலிருந்தோ அபராதம் விதிக்கப்பட்ட நாளிலிருந்தோ ஐந்து ஆண்டுகள்தான். கைதானது, விசாரிக்கப்பட்டது, குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது எதுவும் தடையாகாது. நீதிமன்றத் தீர்ப்பின் நகலை எடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தொகை எல்லைக்கோட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2018இல் கோலாலம்பூரின் பத்து (Batu) எனும் நாடாளுமன்றத் தொகுதியில் கெஅடிலானின் தியான் சுவாவின் வேட்புமனு 2,000 ரிங்கிட் அபராதத்தைக் காட்டித்தான் நிராகரிக்கப்பட்டது. அங்கே சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்திருந்த 22 வயது மாணவர் பி. பிரபாகரனுக்குப் பின்னர் கெஅடிலான் ஆதரவு தந்தது; அவர் வென்று நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

எங்கிருந்து தொடங்குவது?

பல நாடுகளில் நகராட்சித் தேர்தலில் நின்று பழகி மேலே வருவார்கள். நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் முதல் பதவியே சட்டமன்ற உறுப்பினர் பதவிதான். அதற்கு முன் உங்களைச் சோதித்துப் பார்க்க மக்களுக்குச் சில இடங்கள்தான் உண்டு: பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி வாரியம், கோயில் நிர்வாகம், குடியிருப்போர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கக் காவல் குழு, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளை. இவற்றில் ஒன்றில் இறங்கி வேலை செய்யுங்கள். பொருளாளர் பொறுப்பு கிடைத்தால் விடாதீர்கள். கணக்கை ஒழுங்காக எழுதி, ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னவர் என்ற பெயர் ஊரில் நெடுங்காலம் நிற்கும்.

அடுத்தது கோப்பு. உதவி கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு திறங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு (நிரந்தரவாசி அடையாள அட்டை) அறுபது வயதைத் தாண்டிய பாட்டி, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பணம் நின்றுபோன விதவை, குப்பை லோரி வராத தாமான் (வீடமைப்புப் பகுதி). எந்த அலுவலகம் போனோம், யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது வரச்சொன்னார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். கடிதம் கொடுத்தால் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நம்மவர்கள் எத்தனையோ முறை மனு கொடுத்தும் காரியம் நடக்காததற்கு இந்த முத்திரை இல்லாமல் போனதும் ஒரு காரணம். "கொடுத்தோம் ஐயா" என்று வாயால் சொல்வதை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

சில ஆண்டுகள் இப்படிச் செய்தால் உங்களுக்கே ஒரு படம் கிடைக்கும். எந்தத் தாமானில் என்ன குறை திரும்பத் திரும்ப வருகிறது, எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பம் இன்னும் லயத்தில் இருக்கிறது, எது கூட்டரசு வேலை, எது மாநிலம், எது நகராண்மைக் கழகம் என்றெல்லாம் விரல்நுனியில் இருக்கும். தேர்தல் அறிக்கையை அந்தக் கோப்புகளிலிருந்து எழுதுங்கள். தலைமையகத்தில் யாரோ எழுதி அனுப்பும் வாக்குறுதிகளை வாசிக்கும் வேட்பாளரை ஊர் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கோப்புகளில் இருப்பவை பிறருடைய கஷ்டங்கள். பாட்டியின் சிவப்பு ஐசியைப் படம் எடுத்து முகநூலில் போட்டு ஆதரவு சேர்க்காதீர்கள். அவர் நம்பிக் கொடுத்தது உங்கள் கையில்.

கோயில் தலைவராக இருக்கிறேன். அது ஒரு பலம்தானே?

பலம்தான், வரம்போடு. திருவிழாவை நடத்திக் காட்டியவருக்கு ஆட்களைத் திரட்டத் தெரியும், மனஸ்தாபங்களைத் தீர்க்கத் தெரியும். ஆனால் ஒரு கோயிலின் தலைவர், அடுத்த கோயிலுக்குப் போகிறவர்களுக்கு எதிரணி ஆளாகத் தெரியலாம். சங்கச் சண்டைகள் தேர்தல் வரை வந்து வாக்குகளைத் தின்ற ஊர்கள் உண்டு. நிற்பதென்று முடிவானதும் தலைவர் பொறுப்பை முறையாகக் கூட்டம் போட்டு ஒப்படையுங்கள். கோயில் ஒலிபெருக்கியையும் கோயில் பணத்தையும் அரசியலுக்குத் தொடவே கூடாது.

கட்சியில் சேரணுமா, சுயேச்சையா நிக்கலாமா?

நம் வட்டாரமே இதற்குப் பாடம். 2008 பொதுத்தேர்தலில் புக்கிட் செலம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் வி. ஆறுமுகம் சுயேச்சையாக நின்று வென்றார். தோட்டத்து ஊர்களில் சுயேச்சை வெல்லமுடியும் என்பதற்கு அது சான்று. அது எந்த ஆண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய வாக்காளர்களின் கோபம் நாடெங்கும் திரண்டிருந்த நேரம் அது. வென்றபின் அவர் கெஅடிலானில் சேர்ந்தார், மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார், மறுஆண்டே பதவி விலகினார். 2009 ஏப்ரல் 7 இடைத்தேர்தலில் அதே தொகுதியில் 15 பேர் நின்றார்கள். அவர்களில் 13 பேர் சுயேச்சைகள். வென்றவர் கெஅடிலானின் எஸ். மணிகுமார். ஓராண்டு இடைவெளியில் ஒரே தொகுதி சுயேச்சைக்குக் கதவைத் திறந்தும் காட்டியது, மூடியும் காட்டியது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பெரும்பாலானோருக்குக் கட்சி வழியே சரி. சட்டமன்றத்தில் ஒருவர் தனியாக எழுப்பும் குரலைவிட, ஆட்சிக்குழுவில் நிலக் கோப்பைத் தொடக்கூடிய கூட்டாளிகள் இருப்பது பயன் தரும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் முகவர்களை அனுப்ப ஆள்பலம் வேண்டும். சுயேச்சைகள் அங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் கட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தக் கட்சி நமக்கு சீட்டு தரும் என்று கணக்குப் போடாதீர்கள். நம் ஊர்க் கோப்புகளை எடுத்துப்போனால் எந்தக் கட்சியின் கிளை உட்கார்ந்து படிக்கிறது என்று பாருங்கள்.

சின்னக் கட்சிகளில் நீண்ட காலம் உழைப்பவர்களையும் மதிக்கவேண்டும். மலேசிய சோசலிசக் கட்சி 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்து 2008இல்தான் பதிவு பெற்றது. அதன் டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் சுங்கை சிப்புட்டில் தோட்டத் தொழிலாளர்களோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, முதல் முயற்சிகளில் தோற்று, 2008இல் கெஅடிலான் சின்னத்தில் நின்று, 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த சாமிவேலுவைத் தோற்கடித்தார், 2013இலும் வென்றார். அது நாடாளுமன்றத் தொகுதி. ஆனாலும் தோட்டத்து ஊரில் வேட்பாளராவது எவ்வளவு நீண்ட வேலை என்பதை அதில் பார்க்கலாம். 2018இல் அவரும் தோற்றார் என்பதையும் மறக்கவேண்டாம்.

கட்சிக்குள் சீட்டு எப்படிக் கிடைக்கும்?

கிளையில் உறுப்பினராகி, தொகுதி அளவில் அறிமுகமாகி, மாநிலத் தலைமை பெயரைப் பரிந்துரைத்து, கூட்டணிக்குள் இடப்பங்கீடு முடிந்து, கடைசியில் தலைவரிடமிருந்து நியமனக் கடிதம். இடப்பங்கீட்டில் உங்கள் தொகுதி கூட்டணியின் வேறு கட்சிக்குப் போய்விட்டால், எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் நீங்கள் நிற்கமுடியாது. கடைசி நாளில் வெளியூர் ஆளை இறக்குவதும் உண்டு. வலிக்கும். அந்த நேரத்தில் கோபத்தில் சுயேச்சையாக மனுப் போட்டு ஓட்டைப் பிரித்தவர்களை ஊர் மன்னித்ததாக நான் பார்த்ததில்லை.

நம்ம ஆளுங்க ஓட்டு மட்டும் போதுமா?

போதாது. நாட்டில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. சட்டமன்றத் தொகுதிகளிலும் இந்திய வாக்குகள் கணிசமாக உள்ளவை சிலவே. பீடோங் பகுதியில் மலாய்க் கம்போங்குகளும் சீனர் கடைத்தெருவும் சேர்ந்ததுதான் தொகுதி. 2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலில் கெடாவின் 36 இடங்களில் 33ஐ மலாய்க் கட்சிகள் முன்னிற்கும் பெரிக்காத்தான் கூட்டணி வென்றதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

கம்போங்கில் வெள்ளம் வந்தால் முதலில் படகோடு போய் நில்லுங்கள். தேர்தல் வந்தபின் தொப்பி போட்டுக்கொண்டு போவதில் பயனில்லை. வடிகால் அடைப்பு, தெருவிளக்கு, தண்ணீர் வராத குழாய் ஆகியவற்றுக்கு இனம் கிடையாது; கெடாவில் தண்ணீர்த் தடை எல்லா வீட்டுக்கும் பொது. மலாய் மொழியில் தயங்காமல் பேச, எழுத, வாதாடப் பழகுங்கள். சட்டமன்றம் நடப்பது அந்த மொழியில்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலர் அருமையாக மலாய் பேசுகிறார்கள். அவையில் எழுந்து துணைக் கேள்வி கேட்கும் பயிற்சிதான் தேவை.

அதற்காகத் தோட்டத்து மக்கள் கோரிக்கையைத் தாழ்ந்த குரலில் சொல்லவேண்டியதில்லை. வீடில்லாத தொழிலாளி என்று சொன்னால் மலாய் விவசாயிக்கும் புரியும்.

எவ்வளவு பணம் வேணும்?

சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 ரிங்கிட். பிரச்சாரப் பொருட்களை அகற்றுவதற்கான வைப்புத்தொகை தனியாக 3,000. ஆக வேட்புமனு நாளில் 8,000 ரிங்கிட் கையில் இருக்கவேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்த 5,000 திரும்பாது. பிரச்சாரச் செலவுக்குச் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 100,000 ரிங்கிட்.

ஆனால் அவ்வளவு செலவழித்தே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் பத்தும் இருபதுமாகக் கொடுக்கும் காசில் நடக்கும் பிரச்சாரத்துக்கு வேறு மரியாதை உண்டு. ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் ரசீது கொடுங்கள், கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய தொகையோடு வரும் குத்தகையாளர், நில மேம்பாட்டாளர் யாராயினும் அவரிடம் வாங்கவேண்டாம். நாளைக்கு அவருடைய நிலமாற்ற விண்ணப்பத்தை எதிர்த்து நீங்கள் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

அக்கா, நான் பொண்ணு. ராத்திரி செராமா கூட்டம், ஊர்ப்பேச்சு... எப்படிச் சமாளிக்கிறது?

தங்கச்சி, தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) போய், பால் எடுத்து, வீட்டையும் பார்த்தவர்கள் நம் பாட்டிகளும் அம்மாக்களும். உழைப்பு நமக்குப் புதிதில்லை. பகாங்கின் சபாய் சட்டமன்றத் தொகுதியில் காமாட்சி துரைராஜு 2013இலும் 2018இலும் வென்றார். அதனால் "பெண்களால் முடியுமா?" என்று கேட்பவரிடம் வாதாட நேரம் செலவழிக்காதே.

வேலையை எப்படி அமைத்துக்கொள்வது என்பதில் கவனம் வை. எங்கள் அனுபவத்தில் பகல் நேரத்து வாசல் சந்திப்புகள் மேடைப் பேச்சைவிடப் பலன் தருகின்றன. ஆண் வேட்பாளரிடம் சொல்லாத விஷயங்களைப் பெண்கள் உன்னிடம் சொல்வார்கள்: குடிகாரக் கணவன், பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்ட மகன், வட்டிக்காரன் தொல்லை. இரவுக் கூட்டங்களுக்குத் தனியாகப் போகாதே, இரண்டு தொண்டர்கள் எப்போதும் கூட இருக்கட்டும். குடும்பத்தாரிடம் முதல் நாளே பேசிவிடு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்பதைக் கூட வாரம் முழுவதுக்கும் எழுதி ஒட்டிவை. அவதூறு வரும். வரும்போது திரைப்பிடிப்பு எடுத்துப் போலீஸில் புகார் செய், பதிலுக்குப் பதில் எழுதாதே. இந்தப் பகுதியை எங்கள் குழுவின் அக்கா ஒருவர் எழுதினார்.

எங்க பசங்க எல்லாம் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு போயிட்டாங்க. அவங்க ஓட்டு?

தோட்டத்து ஊர்களின் மிகப் பெரிய சிக்கல்களில் ஒன்று. தானியங்கிப் பதிவு ஐசி முகவரியை வைத்து நடப்பதால், தோட்டம் மூடப்பட்டு பத்து ஆண்டான பின்பும் பழைய லயத்து முகவரியிலேயே பலருடைய ஓட்டு இருக்கிறது. வேறு ஊரிலேயே நிலையாகத் தங்கிவிட்டவர்கள் ஐசியில் முகவரியை மாற்றி எஸ்பிஆரிடமும் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது முறை. ஊரோடு தொடர்பில் இருப்பவர்கள் வந்து ஓட்டுப்போடவேண்டும். யாருக்கு எங்கே ஓட்டு என்பதைத் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே எஸ்பிஆரின் இணையத்தளத்தில் பார்த்து வீடு வீடாகப் பட்டியல் தயாரித்துவிடுங்கள். சட்டமன்றம் கலைக்கப்பட்டால் 60 நாளுக்குள் தேர்தல் நடக்கவேண்டும். அந்த இடைவெளியில் பட்டியல் எடுக்கத் தொடங்கினால் ஒன்றும் முடியாது.

வேட்புமனு நாளில் என்ன கவனிக்கணும்?

மனு வாங்கும் நேரம் அண்மைத் தேர்தல்களில் காலை 9 முதல் 10 மணி வரை மட்டும். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்கவேண்டும். ஐசியில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும். "த/பெ" எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கூடப் பாருங்கள். முன்னதாகவே எஸ்பிஆர் அலுவலகத்துக்குப் போய் மனுவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரந்தாவ் கதை ஒவ்வொரு வேட்பாளருக்கும் தெரிந்திருக்கவேண்டும். 2018 பொதுத்தேர்தலில் நெகிரி செம்பிலானின் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் நிற்கப் போன டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமியிடம் மனுத் தாக்கல் மையத்துக்குள் நுழையும் பாஸ் இல்லை என்று சொல்லி உள்ளே விடவில்லை. எதிரணியின் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். டாக்டர் ஸ்ரீராம் நீதிமன்றம் போனார். அந்த ஆண்டு நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாதென்றது, 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019 ஏப்ரல் 13 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அதில் முகமட் ஹசானே வென்றார். ஆனால் ஒரு வேட்பாளரை வாசலில் தடுத்து நிறுத்துவது சட்டப்படி தவறு என்று நிலைநாட்டப்பட்டது, ரந்தாவ் மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. எல்லாத் தாள்களையும் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது தடுத்தால் பெயர், நேரம், சொன்ன காரணம் மூன்றையும் அங்கேயே எழுதுங்கள்.

பிரச்சாரத்தில் சாப்பாடு போடலாமா? எல்லாரும் போடுறாங்களே.

ஓட்டுக்காக விருந்து வைப்பதும், பணமோ பொருளோ கொடுப்பதும் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அரிசி மூட்டை, பிரியாணி, பெட்ரோல் காசு எல்லாம் அதில் வரும். மற்றவர் செய்கிறார் என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. சாராயம் ஊற்றி ஓட்டு வாங்கும் பழக்கம் நம் லயங்களைச் சீரழித்த அளவுக்கு வேறு எதுவும் சீரழிக்கவில்லை என்று நினைப்பவன் நான். அந்தப் பக்கமே போகவேண்டாம்.

ஓட்டு எண்ணும் இடத்தில்?

வாக்குச்சாவடியின் ஒவ்வொரு சாலுரானிலும் (ஓட்டுப்போடும் அறையிலும்) உங்கள் முகவர் இருக்கவேண்டும். எண்ணி முடித்ததும் முடிவை எழுதும் படிவம் 14இன் நகல் கையில் வராமல் அவர் வெளியேறக் கூடாது. இதற்கு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கண்ணுக்கு ஒரு எண் தப்பாது.

எதிர்க்கட்சி ஆளாக ஜெயித்தால் மானியம் கிடைக்காதாமே?

பல மாநிலங்களில் ஆளுங்கட்சி உறுப்பினருக்குக் கிடைக்கும் தொகுதி ஒதுக்கீடு எதிர்க்கட்சியினருக்குக் குறைவாகவோ இல்லாமலோ போவது உண்மை. அதனால் சேவை மையம் நடத்துவது கடினமாகும். ஆனால் அவையில் எழுத்துமூலக் கேள்வி கேட்கும் உரிமையை யாரும் பறிக்கமுடியாது. "இந்தத் தோட்ட நிலத்தை மாற்ற விண்ணப்பம் வந்துள்ளதா? அங்குள்ள குடும்பங்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டால் மாநில அரசு பதில் சொல்லவேண்டும், அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏறும். எங்களைப் பொறுத்தவரை அந்த ஒரு பதில், மானியத்தில் போடும் பல சாலைகளைவிட மேல்.

கட்சி தாவுவது பற்றியும் கேட்டார்கள். 2022 அக்டோபர் 5 முதல் கட்சித்தாவல் தடைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு நடப்பில் உள்ளது. சட்டமன்றங்களுக்கு அந்தந்த மாநிலம் தன் அரசமைப்பைத் திருத்திக் கொண்டுவரவேண்டும்.

தோற்றால்?

மறுநாளே பதாகைகளைக் கழற்றத் தொடங்குங்கள். அந்த 3,000 திரும்பக் கிடைக்க அதுதான் வழி, ஊரும் பார்க்கும். பிறகு செலவுக் கணக்கு. முடிவு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 31 நாளுக்குள் தேர்தல் செலவு அறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டும். தோற்றவருக்கும் இது கட்டாயம். மனம் உடைந்துபோய் இதை மறந்துவிட்டு, அடுத்த தேர்தலில் நிற்கப் போகும்போதுதான் ஐந்தாண்டுத் தடை இருப்பதே தெரிந்து திகைத்தவர்கள் உண்டு. ஆகவே பிரச்சாரத்தின் முதல் நாளிலிருந்தே ஒருவரைக் கணக்குக்கு மட்டும் அமர்த்துங்கள். மேடை, கொடி, கூட்டம் எதிலும் அவரை இழுக்கவேண்டாம்.

செலவு அறிக்கையை ஒப்படைத்துவிட்டு, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சாரத்தின்போது வாசல்களில் மக்கள் கொடுத்த மனுக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். வென்றவர் யாராக இருந்தாலும் அவருடைய சேவை மையத்துக்கு அவற்றின் நகலை எடுத்துப் போங்கள். மூல மனுக்களுக்கு ஒவ்வொன்றாகக் கோப்பு திறங்கள்.